காலிக் கலனில் இருந்த ஆபத்து

ஆசிரிய நண்பர்களே, விமானத்தின் எரிபொருள் கலன் நிறைந்திருந்தால் ஆபத்தா, காலியாக இருந்தால் ஆபத்தா? மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "நிறைஞ்சிருந்தாதான் சார்" என்றே பலரும் சொல்வார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

1996 ஜூலை 17. நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குக் கிளம்பிய டிடபிள்யூஏ 800, ஒரு போயிங் 747. பன்னிரண்டு நிமிடத்தில் லாங் ஐலண்ட் கரைக்கு அப்பால் வானிலேயே வெடித்தது. இருந்த 230 பேரும் மாண்டார்கள். வெடிகுண்டா, ஏவுகணையா என்று எங்கும் பேச்சு. கடலடியிலிருந்து சிதைவுகளை மீட்டு, துண்டு துண்டாகப் பொருத்திப் பார்த்தது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். நான்கு ஆண்டு ஆய்வுக்குப் பின், 2000 ஆகஸ்டில் முடிவு வந்தது: வெடித்தது நடு இறக்கைக் கலன்.

அன்று அந்தக் கலன் ஏறக்குறைய காலி. அடியில் கொஞ்சம் எரிபொருள்தான். கலனுக்குக் கீழே இருந்தவை குளிர்சாதனக் கருவிகள். புறப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானதால் அவை தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டில் எரிபொருள் ஆவியாகி, காற்றோடு கலந்து நின்றது. இனி ஒரு பொறி போதும். வெளியே ஏற்பட்ட மின்கோளாறு ஒன்று, எரிபொருள் அளவுகாட்டியின் கம்பி வழியே உள்ளே போயிருக்கலாம் என்பது வாரியத்தின் கணிப்பு. உறுதியாகச் சொல்ல அதனால் முடியவில்லை.

இது முதல் முறையா? இல்லை. 1963இல் மேரிலாந்தில் மின்னல் தாக்கி ஒரு போயிங் 707 வெடித்து 81 பேர் இறந்தார்கள். நம்ம வட்டாரத்திலும் நடந்திருக்கிறது. 1990இல் மணிலாவில், தரையில் நின்ற போயிங் 737 வெடித்து எட்டுப் பேர். 2001இல் பாங்காக்கில் அதே வகை விமானம், பணியாளர் ஒருவர்.

ஏன் மீண்டும் மீண்டும்? நெருப்புக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், பொறி. அதுவரை இருந்த விதிகள் பொறியை மட்டும் தடுக்கப் பார்த்தன. 2001இல் வந்த விதியும் அதைத்தான் இறுக்கியது. ஆனால், கம்பிகள் பழசாகும். எல்லாப் பொறியையும் யாரால் தடுக்க முடியும்? கலனுக்குள் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனைக் குறைக்கலாமே என்று வாரியம் 1996 டிசம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. போர் விமானங்களில் அந்த முறை ஏற்கெனவே உண்டு. பயணிகள் விமானத்துக்கோ, செலவு அதிகம், எடை அதிகம் என்றது விமானத் துறை.

பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பொறியாளர்கள் எளிய வழி ஒன்றைச் சோதித்துக் காட்டினார்கள். எஞ்சினிலிருந்து வரும் காற்றைச் சவ்வுக் குழாய்கள் வழியே செலுத்தினால் நைட்ரஜன் பிரிந்து கிடைக்கும். கலனில் ஆக்சிஜன் 12 விழுக்காடாகக் குறைந்தாலே போதும். 2008 ஜூலையில் இது விதியானது. விபத்து நடந்து பன்னிரண்டு ஆண்டுகள்! அதுவும் பயணிகள் விமானங்களுக்கு மட்டும். சரக்கு விமானங்களுக்கு விலக்கு.

படிவம் 4, 5 மாணவர்களுக்கு விவாதத் தலைப்பாக இதைக் கொடுக்கலாம்: "பாதுகாப்புக்குச் செலவுக் கணக்கு பார்க்கலாமா?" இரண்டு பக்கமும் பேசட்டும். அரிதான விபத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. சரக்கு விமானத்தை ஓட்டுபவரும் மனிதர்தானே என்று ஒரு மாணவர் கேட்டால், அங்கிருந்து பாடத்தை நகர்த்துங்கள்.