ரேடியோ விமானம் வாங்கப் போறீங்களா? முதலில் கொஞ்சம் வரலாறு

தாம்பரம் பக்கம் வளர்ந்தவனுக்கு விமானப் பைத்தியம் பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் விமானப்படைத் தளம், நடுவில் 1949-ல் சி. ராஜம் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே படித்தபோது, மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும், காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார்.

அந்த ஆசையோடு ரேடியோ விமானம் வாங்கப் போகிறவர்கள் "எந்த விமானம் நல்லது?" என்று கேட்கிறார்கள். "எந்த டிரான்ஸ்மிட்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

1937-ல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற ரேடியோ விமானத்தைப் பறக்க விட்டார்கள். அந்தக் காலத்து மாடல்கள் பெரும்பாலும் தானாகவே நிலையாகப் பறக்கும்; ரேடியோ அவற்றை லேசாகத் திருப்பும், அவ்வளவுதான். இன்றும் புதியவர்களுக்கான விமானத்தில் இறக்கை உடம்புக்கு மேலே, நுனிகள் சற்றே தூக்கி இருப்பது அதே காரணத்துக்காகத்தான். கையை எடுத்தால் தானே நேராகும். போர் விமான மாடல் அழகாக இருக்கும், ஆனால் ஒரே நாளில் குப்பைக்குப் போகும் :)

பிறகு வந்தது கிரிஸ்டல் காலம். அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 35. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு சேனல். மைதானத்தில் உங்கள் சேனலிலேயே இன்னொருவர் சுவிட்சைப் போட்டால், உங்கள் விமானம் செங்குத்தாகக் கீழே வரும். யார் தலையில் விழும் என்பது அதிர்ஷ்டம்! அதனால்தான் சேனல் எண் எழுதிய கிளிப்பை எடுத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும் என்று கிளப்புகள் விதி வைத்தன.

2.4 கிகாஹெர்ட்ஸ் வந்து இதை மாற்றியது. இந்தியாவில் 2005-ல் இந்த அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது. இதில் ரிசீவர் தன்னோடு இணைத்த டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டுமே கேட்கும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கிரிஸ்டல் செட்டை வாங்காதீர்கள். பல மாடல்களின் அமைப்பைச் சேமிக்கும் ஆறு சேனல் செட் ஒன்று போதும். நாலைந்து விமானம் உடைந்தாலும் அது இருக்கும். கணினியில் சிமுலேட்டரோடும் இணைக்கலாம். திராட்டில் இடதா வலதா என்பதை மட்டும், உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவரிடம் கேட்டு அவர் பழகிய பக்கமே வாங்குங்கள்.

விமானம் ஃபோம் போதும். உடைந்தால் ஒட்டலாம்.

ஆனால் நம்ம ஊரில் மொட்டை மாடியிலிருந்து விடுவது வேண்டவே வேண்டாம். 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்பகுதி சிவப்பு, மஞ்சள் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் பச்சை எங்கே என்று பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள்.