உருவுதல்: ஒரு தொழிலின் கதை

போன மாரியில் எனது வலது மணிக்கட்டு வீங்கியது. மாப் பிசைவதும் சட்டி சுரண்டுவதுமாகப் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடுகிற கை. "நோ எண்ணெய் போட்டு நல்லா உருவு, சரிவரும்" என்றார் முதலாளி. உருவினேன். வீக்கம் கூடியது. பிறகு லண்டன் மருத்துவமனை ஒன்றில் என்னைப் பார்த்த பிசியோதெரபிப் பெண்மணி, புதிதாக வீங்கிய இடத்தை அழுத்தி உருவுவது கேடு என்று ஏசினார். சில கிழமை கழித்து அவரே பெருவிரல் அடியில் ஒரு தசைநாணைத் தேடிப் பிடித்து, எண்ணெய் இல்லாமல், அதன் குறுக்காக விரல்நுனியால் தேய்த்தார். நோ குறைந்தது. தேய்த்ததாலா, வேலைக்குப் போகாமல் இருந்ததாலா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஊரில் முறிவு நெரிவு வைத்தியர் திண்ணையில் இருந்து செய்த வேலைதானே இது? இவர்களுக்கு மட்டும் பட்டமும் சீருடையும் எப்படி வந்தன? மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கடை பூட்டியிருக்கும் இரண்டு மணித்தியாலத்தில், நூலகத்தில் இருந்து வாசித்ததையே இங்கு எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்தவனுக்கு அந்த மேசை ஒரு ஆறுதல்.

மேற்கில் இக்கதையைச் சுவீடனில் தொடங்குவது வழக்கம். 1813இல் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கிய பேர் ஹென்றிக் லிங் ஒரு வாட்போர் ஆசிரியர். ஆனால் அவர் பெரிதாக நினைத்தது உடல் அசைவையே. சுவீடிஷ் மசாஜ் என்று பெயர்பெற்ற கைமுறைகளை ஒழுங்குபடுத்தியவர் அம்ஸ்ரடாம் டொக்டர் யோஹான் மெட்ஸ்கர். தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல். பிசைதலுக்கு அவர்கள் வைத்த பிரெஞ்சுச் சொல் பாண் மாவுக்கும் உரியதுதான். குசினிக்காரனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

லண்டனில் தொழில் நாறிப்போயிருந்தது. மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் விபசார விடுதிகள் நடக்கின்றன என்று 1894இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை எழுதியது. அதே ஆண்டில், தாதித் தொழிலும் மருத்துவிச்சித் தொழிலும் தெரிந்த நான்கு பெண்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ்காரிகளின் சங்கத்தை அமைத்தார்கள். டொக்டர் சொல்லாமல் எவரையும் தொடக்கூடாது. டொக்டர் விசேடமாகக் கேட்டாலன்றி ஆண்களுக்குச் செய்யக்கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது. சோதனை உண்டு, சான்றிதழ் உண்டு. மானம் காப்பாற்றப்பட்டது. அதற்குக் கொடுத்த விலை டொக்டர்மாருக்குக் கீழ்ப்படிதல். நமது வைத்தியர்மார் இப்படி ஒரு பேரம் பேசவுமில்லை, பேசக் கேட்பாருமில்லை.

ஆண்களைத் தொடாதே என்ற விதியை யுத்தம் உடைத்தது. 1914இல் அல்மெரிக் பஜற் என்ற பாராளுமன்ற உறுப்பினரும் மனைவியும் ஐம்பது மசாஜ்காரிகளை இராணுவத்துக்குக் கொடுத்தனர். யுத்தம் முடிவதற்குள் அந்த அணி ஆயிரக்கணக்கில் பெருத்துவிட்டது. விறைத்த மூட்டு, சுருங்கிய தழும்பு, அசையாத விரல் எல்லாம் இவர்கள் கைக்கு வந்தன. 1920இல் அரச பட்டயம். 1944இல் சங்கத்தின் பெயரிலிருந்து மசாஜ் என்ற சொல்லையே எடுத்துவிட்டு பிசியோதெரபி என்று வைத்துக்கொண்டார்கள்.

என்னை நிறுத்தி வைத்தது வேறொரு பக்கம். பத்திரிகை முதலாளியான ஆதர் பியர்சன், தானே பார்வை இழந்தவர், 1915இல் யுத்தத்தில் கண்போன சிப்பாய்களுக்காக லண்டனில் சென் டன்ஸ்ரன்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். கூடை பின்னல், சப்பாத்துத் திருத்தல், கோழி வளர்ப்பு ஆகியவற்றோடு மசாஜும் படிப்பித்தார்கள். உண்மையான எலும்புகளைக் கையில் தடவியும் பிரெயில் புத்தகத்தை வாசித்தும் உடற்கூற்றைப் படித்தார்கள். பிறகு பார்வையுள்ளவர்களைச் சோதித்த அதே சங்கத்தின் சோதனைக்குத்தான் போனார்கள். யப்பானில் இது இன்னும் பழையது: பதினேழாம் நூற்றாண்டில் சுகியாமா வைச்சி என்ற பார்வையற்ற வைத்தியர் ஷோகனுக்கே வைத்தியம் பார்த்தார், பார்வையற்றோருக்குப் பள்ளிகளும் நடத்தினார்.

இதை நான் வன்னியிலுள்ள என் சித்தி மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். 2009இல் செல் விழுந்து இரண்டு கண்ணும் போனவன்.

"குருடனுக்கு ஆக்களைப் பிடிச்சுவிடுற வேலையோ அண்ணை?" என்று கேட்டு வைத்துவிட்டான்.

அவன் கோபம் நியாயமானது. ஒரு வேலையை ஒரு கூட்டத்துக்கென்று ஒதுக்கும்போது அது வேலியாகவும் ஆகிவிடும். கோப்பை கழுவுகிற நமக்குத் தெரியாததா? ஆனால் சோதனை ஒன்றாக இருந்ததை நான் சரியாகச் சொல்லவில்லை. அடுத்த கிழமை திரும்ப எடுத்துச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மணிக்கட்டில எத்தினை எலும்பு?" என்றான்.

"எட்டு."

"பேர் சொல்லுங்கோ."

எனக்கு ஆங்கிலத்தில்தான் தெரியும். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.