நீர் இறைத்தலும் இருதயம் காத்தலும்

சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லி போன்ற மேட்டு நிலங்களில் கபிலை கட்டி நீர் இறைத்த காலத்தை முதியோர் அறிவர். தளர்ந்த இருதயத்திற்குத் துணைநிற்கும் கருவியின் வரலாறும் நீர் இறைப்போடு தொடர்புடையது என்றால் நேயர்கள் வியப்புறலாம்.

1929இல் ஜெர்மானிய வைத்தியர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றை இருதயம்வரை செலுத்தினார். பழிப்புக்கு ஆளான அவர், 1956இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். 1967இல் நியூயார்க்கில் ஆட்ரியன் காண்ட்ரோவிட்ஸ், குழாய் நுனியில் பலூன் பொருத்திப் பெருந்தமனியில் வைத்தார். இருதயம் விரிகையில் அது உப்பும், சுருங்குகையில் ஒடுங்கும். 1976இல் எகிப்துக்குச் சென்ற ரிச்சர்ட் வாம்ப்ளர், கிராமத்தார் திருகுப்பொறியால் நீரை மேலேற்றுவதைக் கண்டார். அத்திருகையே சிறு பம்பாக்கினார். 1988இல் அது முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது.

2024இல் வெளியான ஓர் ஆய்வு, அவ்வழியில் வந்த இக்காலப் பம்பைச் சோதித்தது. மாரடைப்பால் இருதயம் துவண்டோருள் தேர்ந்தெடுத்தவர்களிடையே, ஆறு மாதச் சாவு நூற்றுக்கு ஏறத்தாழ 59இலிருந்து 46ஆகக் குறைந்தது. ஆயினும் இரத்தப்போக்கும் காலுக்கு இரத்தம் குன்றுதலும் மிகுந்தன.

ஆதலின், பம்பு இடம்பெயர்ந்ததா, சிறுநீர் சிவந்ததா, பாதம் குளிர்ந்ததா என்று இரவும் பகலும் பார்த்திருக்கும் தாதியரின் விழிப்பும் அக்கருவியின் ஓர் உறுப்பே எனலாம்.