ஒரே ஆம்ப்ளிஃபயரில் 2 ஜோடி ஸ்பீக்கரா? ஒயரைச் சொருகும் முன் இந்த ஓம் கணக்கைப் பாருங்க!

ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கும். அதே பாட்டு சமையலறையிலும் கேட்டால் நல்லா இருக்குமே என்று இன்னொரு ஜோடி வாங்கி, அதே டெர்மினலில் ஒயரைச் சொருகிவிடுவார்கள். பாட்டும் பாடும். சிக்கல் அன்றைக்குத் தெரியாது. வீட்டில் விசேஷம் வந்து, வால்யூமை முக்கால்வாசி திருப்பும்போதுதான் ஆம்ப்ளிஃபயர் திடீரென ஆஃப் ஆகும். இல்லையென்றால் கருகிய வாசனை வரும்.

என்ன நடக்கிறது?

ஸ்பீக்கரின் பின்பக்கம் 4, 6 அல்லது 8 ஓம் என்று போட்டிருக்கும். இதுதான் இம்பீடன்ஸ். இந்த எண் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிக கரண்ட் கொடுக்க வேண்டும். ஒரே டெர்மினலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 16 ஆகாது. பாதியாகி, 4 ஓம் ஆகும். மூன்று மாட்டினால் சுமார் 2.7. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் வெறும் 2. இதைத்தான் பேரலல் இணைப்பு என்கிறார்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் பலவும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் கட் ஆகி நிற்கும், இல்லாவிட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஏ, பி பட்டன் இருக்கே?

அது இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் பெரும்பாலும் பேரலல்தான். பின்பலகையில் 'ஏ + பி: குறைந்தது 8 ஓம்' என்று அச்சிட்டிருந்தால், நான்கு ஸ்பீக்கரும் தலா 8 ஓமாக இருக்கணும்.

சீரிஸ் இணைப்பு எப்படி?

முதல் ஸ்பீக்கரின் மைனஸை இரண்டாவதின் பிளஸ்ஸில் இணைப்பது சீரிஸ். 8-ம் 8-ம் சேர்ந்து 16 ஓம். ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்தில்லை, ஆனால் சத்தம் குறையும். இரண்டும் வேறு வேறு மாடலாக இருந்தால் ஒலியின் தன்மையே மாறிவிடும். ஒரு ஒயர் கழன்றால் இரண்டும் நின்றுவிடும். மூன்று, நான்கு அறைகளுக்கு இம்பீடன்ஸ் பாதுகாப்புள்ள ஸ்பீக்கர் செலக்டர் பெட்டிதான் சரி. பாதுகாப்பு இல்லாத மலிவு பெட்டி வெறும் சுவிட்ச்தான், கணக்கு மாறாது.

லேபிள் இல்லாத பழைய ஸ்பீக்கரா? ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் வாக்கில்தான் காட்டும். 4 ஓம் என்றால் 3-ஐ ஒட்டி வரும்.

இடது, வலது மைனஸ்களைச் சேர்க்கலாமா?

கூடாது. இப்போது கைக்கு அடக்கமாகக் கிடைக்கும் கிளாஸ் டி போர்டுகள் பலவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு மைனஸையும் ஒன்றாக முறுக்கினால் சிப் போய்விடும். சில செலக்டர் பெட்டிகளிலும் மைனஸ்கள் உள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.