சிறார் தலைவலியில் அபாயக் குறிகள்

1. வரையறை

சிறார் தலைவலியை இரண்டாகப் பகுக்கிறோம். வலியே நோயாக அமைவது முதன்மைத் தலைவலி. ஒற்றைத் தலைவலி இவ்வகையது. வேறொரு நோயின் விளைவாக எழுவது வழிநிலைத் தலைவலி. சளிக்காய்ச்சலோடு வரும் வலியும் இதில் அடங்குவதால், வழிநிலை என்றாலே ஆபத்து எனக் கொள்ளலாகாது. மூளையையோ அதன் உறைகளையோ பற்றிய கொடிய நோயைச் சுட்டுவதையே அபாயக் குறி என்கிறோம்.

வலியின் கடுமையை அத்தகைய குறியாக நாம் கொள்வதில்லை. ஒற்றைத் தலைவலி பிள்ளையைச் சுருட்டிப் போட்டுவிடும். மூளைக்கட்டியோ தொடக்கத்தில் மந்தமாகவே வலிக்கலாம். நொடிப்பொழுதில் உச்சம் தொடும் வலி மட்டும் இதற்கு விலக்கு: அது மண்டைக்குள் குருதிக்கசிவாக இருக்கக்கூடும்.

2. காரணம்

மண்டையோடு விரிந்து கொடுக்காத கூடு. அதனுள் மூளை, குருதி, மூளைத்தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. ஒன்று மிகுந்தால் மற்றவை குறைந்தாக வேண்டும். 1783இல் அலெக்சாண்டர் மன்றோ வித்திட்ட இக்கருத்தே மண்டையக அழுத்தத்தை விளக்குகிறது. சிறார் மூளைக்கட்டிகள் பல சிறுமூளைப் பகுதியில் தோன்றி, நான்காம் மூளையறையை அடைத்து நீரைத் தேக்குகின்றன. படுத்த நிலையில் அழுத்தம் கூடுவதால் வலி உறக்கத்தைக் கலைக்கும். விடிந்ததும் வாந்தி வரும். வாந்திக்குப்பின் வலி சற்றுத் தணியும். பள்ளிக்குப் போகாதிருக்கச் சாக்கு என்று வீட்டார் எண்ணிவிடுவது இங்கேதான். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்குத் தலையே பெருக்கும். அதற்கு வலியைச் சொல்லத் தெரியாது, அளவுநாடாதான் சொல்லும்.

3. வகைகள்

முதலாவது அழுத்தக்குறி, மேலே கண்டோம். இரண்டாவது நரம்புக்குறி: புதிதாய் வந்த மாறுகண், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும் தலை, வலிப்பு. மூன்றாவது தொற்றுக்குறி: காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, மயக்கம். காசநோய் மூளையுறை அழற்சி நம் நாட்டில் இன்றும் உண்டு. அது வாரக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். பிள்ளை சிடுசிடுப்பதும் சோறு மறுப்பதுமே தொடக்கமாகலாம். அறிவு தெளிவாயிருக்கும் முதல் நிலையிலேயே மருந்து தொடங்கினால் பிழைப்பு எளிது. நினைவிழந்த மூன்றாம் நிலையில் உயிர் தப்பினாலும் ஊனம் தங்கிவிடுவதுண்டு.

4. செயல்முறை

நரம்புக்குறியோ தொற்றுக்குறியோ நொடியில் உச்சம் தொட்ட வலியோ காணின் அன்றே மருத்துவமனை சேர்க்க. அழுத்தக்குறி மட்டும் தோன்றினும் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடலாகாது. மருத்துவரும் பிள்ளையை நடக்கவிட்டுப் பார்க்காமலும், கண்ணின் உள்தளத்தில் பார்வைநரம்புத் தட்டு வீங்கியுள்ளதா என நோக்காமலும் வலிமாத்திரை எழுதி அனுப்ப வேண்டா.