சீசனை நம்பி ஒரு ஊர்

ஆனி பிறந்ததும் நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியாது, மேகம் மூடிவிடும். "அருவியில் தண்ணி விழுதா?" என்று வெளியூர்ச் சொந்தங்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசிக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

வங்கியில் எழுத்தராக வேலை பார்த்த எனக்கு, மேகத்துக்கு முன்னால் சீசனைச் சொன்னது நகைக்கடன் கவுண்டர்தான். வைகாசிக் கடைசியில் பழக்கடைக்காரர், சிப்ஸ் போடுகிறவர், வேன் வைத்திருப்பவர் எல்லாரும் வீட்டு நகையை வைத்துப் பணம் வாங்கிப் போவார்கள். தண்ணீர் நன்றாக விழுந்த வருஷம் ஆவணியில் சிரித்த முகத்தோடு திருப்ப வருவார்கள். சாரல் பொய்த்தால் வட்டியை மட்டும் கட்டிவிட்டு மறுபடி வைப்பார்கள். மூன்று மாத வரும்படியில் ஒரு வருஷம் ஓடவேண்டிய குடும்பங்கள் அவை.

குற்றாலத்தால் பலன் கண்டவர்களில் ஒரு புலவரும் உண்டு. பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்கு, மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பிறகு வந்த கம்பெனிக்காரர்கள் இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இந்த மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார். திருவிதாங்கூர் மன்னர்கள் கட்டிய அரண்மனை இன்றும் கேரள அரசின் சொத்தாக இருக்கிறது.

கோயிலுக்கு வந்து நீராடியவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பங்கள் தூக்குச்சட்டியில் புளியோதரையோடு தூரத்திலிருந்தும் வந்து போக வழிசெய்தது ரயில்தான். 1904-இல் செங்கோட்டை மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை இணைந்தது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியேறி 1954-இல் மறையும் வரை வாழ்ந்தார். ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பெரியவர்கள் வந்த ஊர் என்று பெருமை பேசுவோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அருவிக்கடியில் கலெக்டருக்கும் லோடுமேனுக்கும் இடுப்பில் ஒரே துண்டுதான் என்பது.

2020, 2021 சீசன்களில் கொரோனாவால் குளிக்கத் தடை. தண்ணீர் கொட்டியது, கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனை அடித்துப் போனது. அதற்குப் பின் வெள்ள நேரத்தில் தடை போட்டால் வியாபாரம் கெடுகிறது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன நகையைத் திருப்பலாம்; போன பிள்ளையை?

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டும் வழக்கம் முழுதாகப் போகவில்லை. அங்கே விழும் தண்ணீர்தான் சிற்றாறாகி நம் தென்காசி வழியாக ஓடுகிறது. போன சீசனில் மதுரையிலிருந்து வந்த தங்கை மாப்பிள்ளை பையில் நாலு ஷாம்பு பாக்கெட். "இங்கே வச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை, வந்து நம்ம குழாயில தேச்சுக்கலாம்" என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. திரும்பி வரும்போது ஒரு கூடை மங்குஸ்தான் வாங்கி வந்தார். பாக்கெட்டுகள் இன்னும் எங்கள் குளியலறை மாடத்திலேயே கிடக்கின்றன.