பூநாரைக்குக் கால் எட்டும் ஏரி

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு டிசம்பர் விடியற்காலையில் நாங்கள் ஐந்து பேர் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர், அதுவும் இரவல்! ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், அப்புறம் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் ஒருவரின் படகு. தூரத்தில் தண்ணீர் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடே நகர ஆரம்பித்தது. பூநாரைகள்!

"இதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருதா அண்ணே?" என்று கேட்டான் நண்பன்.

"எங்கேருந்து வந்தா என்ன தம்பி? இங்க அதுக்குக் கால் எட்டுது, நிக்குது" என்றார் படகுக்காரர்.

அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் இந்த ஏரியின் சரித்திரமே அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் நண்பனின் சந்தேகம். ஆஸ்திரேலியா இல்லை. நம் நாட்டில் பெரிய பூநாரைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுமிடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. பறவை அறிஞர் சாலிம் அலி 1945-ல் அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதினார். ஊசிவால் வாத்தும் உள்ளான் வகைகளும்தான் குளிருக்குப் பயந்து ஆசியாவின் வடகோடியிலிருந்து வருகிறவை.

இனி ஆழத்தின் கதை. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். ஆனாலும் பெரிய கப்பல் ஏரிக்குள் நுழைய முடியாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், துணி மூட்டைகள் சிறு படகுகளில் போய்ச் சேரும். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கப்பலுக்கு ஆகாத அதே ஆழம்தான் பூநாரைக்கு வாகாக இருந்தது!

பறவை பார்ப்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தித்தான் படித்தார்கள். பக்கத்து நெல்லூரில் டாக்டராக வேலை பார்த்த ஜெர்டன், 1862-லிருந்து 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். துப்பாக்கி போய் பைனாகுலர் வர நூறு வருஷம் ஆயிற்று. 1976-ல் ஆந்திரப் பகுதியும் 1980-ல் தமிழ்நாட்டுப் பகுதியும் சரணாலயமாயின. 1978-ல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி பிறந்தது. 1987 முதல் ஜனவரிதோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது.

இதில் நாம் எண்ண மறந்தது மனிதர்களை. சரணாலயம் என்று போர்டு வைப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே, மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே இருந்தது.

சிவில் இன்ஜினியர் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்த ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. அது திறந்திருந்தால் கடல் நீரோடு இறால் குஞ்சு உள்ளே வரும், மழை வெள்ளம் வெளியே போகும். மணல் அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிப் பறவைக்குக் கால் எட்டாது. கோடையிலோ வற்றி உப்பேறிவிடும். மீனவர்கள் தாங்களே மண்வெட்டி எடுத்து மணலை வெட்டித் திறந்த காலங்கள் உண்டு. வடக்கே சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கேதான் போகிறது. அதன் மேல் நின்று பூநாரையைப் போட்டோ எடுக்கிறோம். கீழே நீரோட்டம் என்ன ஆகிறது என்று எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

போன வருஷம் தை மாதத்தில் மறுபடி போனேன். முகத்துவாரம் பற்றி இன்னொரு படகுக்காரரிடம் கேட்டேன். "அது அடைச்சுக்கிட்டா எங்க அடுப்பும் எரியாது, உங்க பறவையும் நிக்காது சார்" என்றார். தம்பியாக இருந்தவன் சாராகிவிட்டேன். ஏரியின் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே! வரும் ஜனவரியில் பறவைகளை எண்ணப் போங்கள். பைனாகுலர் நான் தருகிறேன். கூடவே நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி அதிகம் எழுதிக்கொண்டு வாருங்கள்: அன்றைக்கு முகத்துவாரம் திறந்திருந்ததா, தண்ணீர் எத்தனை அடி. அடுத்த சந்திப்பு மலரில் அந்தக் கணக்கை நாமே அச்சிடுவோம்.